குதிரை நடந்த கட்டங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

நாளிதழில் வரும் சுடோகுவைப் பல வருடங்களாக விடாமல் போட்டுவருவதாகவும், முடித்த மறு நிமிடமே அது பழைய பேப்பராகிவிடுவது வருத்தமாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்தக் கட்டக் கணக்கெல்லாம் ஜப்பான்காரர்கள் கொடுத்ததுதானே, நம் பக்கத்தில் இப்படி ஏதாவது இருந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் ஒருவர் இதைக் கேட்டதால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

சுடோகு என்ற பெயர்தான் ஜப்பானுடையது. 1979இல் அமெரிக்காவின் டெல் நிறுவனப் புதிர் இதழில் வேறு பெயரில் வந்தது. ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் செய்தது என்கிறார்கள். 1984இல் நிகோலி என்ற பத்திரிகை வழியாக ஜப்பானுக்குப் போனது. 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸில் வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கதை அவ்வளவுதான். உங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

தாயார் சன்னதிப் பக்கம் போகும்போது வேதாந்த தேசிகர் சன்னதியையும் சேவித்திருப்பீர்கள். 1268இல் காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்தவர். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து, அரங்கனின் பாதுகைகளைப் பற்றி 1008 சுலோகங்களில் பாதுகா ஸஹஸ்ரம் இயற்றியவர். ஒரே இரவில் பாடி முடித்தார் என்பது வைணவ மரபு. அந்த நூலின் 32 பத்ததிகளில் 30ஆவது சித்திர பத்ததி. அதில் அடுத்தடுத்து வரும் 19, 20ஆம் சுலோகங்களைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒவ்வொன்றிலும் 32 எழுத்து, ஒற்றுகளைத் தனியே எண்ணாமல். முதல் சுலோகத்தை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசையில் கட்டம் போட்டு எழுதுங்கள். இடப்பக்க மேல் மூலையில் சதுரங்கக் குதிரையை வையுங்கள். அது மிதித்துப் போகும் கட்டங்களின் எழுத்துகளை அதே ஒழுங்கில் படித்தால் அடுத்த சுலோகம் வந்துவிடும்! எந்தக் கட்டத்தையும் விடுவதில்லை, எதையும் இரண்டு முறை மிதிப்பதில்லை. எழுத்துகளை எடுத்துவிட்டு, குதிரை மிதித்த வரிசையை எண்களாக மட்டும் கீழே தருகிறேன். சமஸ்கிருதம் தெரியாவிட்டாலும் பென்சிலால் சரிபார்க்கலாம்.

1, 30, 9, 20, 3, 24, 11, 26
16, 19, 2, 29, 10, 27, 4, 23
31, 8, 17, 14, 21, 6, 25, 12
18, 15, 32, 7, 28, 13, 22, 5

1இலிருந்து 2, 2இலிருந்து 3 என்று 32 வரை கோடு இழுத்துப் பாருங்கள். எல்லாமே சுத்தமான குதிரைத் தாவல்.

இதைப் பார்த்து ஆச்சரியப்படுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பலகை என்ன நிபந்தனை போடுகிறது என்று பார்த்தால்தான் தேசிகர் எதை ஜெயித்தார் என்பது புரியும். மேல் ஓர வரிசையிலோ கீழ் ஓர வரிசையிலோ நிற்கும் குதிரை எங்கே தாவினாலும் நடு வரிசைகள் இரண்டில் ஒன்றில்தான் விழும். ஓரத்தில் 16 கட்டம், நடுவில் 16. ஆகவே அதிகபட்சம் ஒரு முறை தவிர, ஓரம், நடு, ஓரம், நடு என்று மாறி மாறித்தான் போயாக வேண்டும். இப்போது கட்டங்களுக்குச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளை அடியுங்கள். ஒவ்வொரு தாவலிலும் குதிரை நிறம் மாறும். கறுப்பு மூலையில் தொடங்கினால், இந்த மாறி மாறிப் போகும் நடையில் ஓரத்தில் கறுப்புக் கட்டங்களை மட்டும்தான் தொட முடியும். ஓரத்தில் வெள்ளையும் எட்டு இருக்கிறதே! அவற்றை எட்ட ஒரு முறை நடுவிலிருந்து நடுவுக்கே தாவி முறையை மாற்ற வேண்டும். ஒரே ஒரு முறைதான் இடம் உண்டு. மாற்றிவிட்டால் ஓரத்துக் கறுப்புக்குத் திரும்ப வழியில்லை என்பதால், அந்த எட்டையும் முடித்த பிறகே மாற்றலாம்.

மேலே எங்கே அது நடக்கிறது என்று பாருங்கள். 16 இரண்டாம் வரிசையில், 17 மூன்றாம் வரிசையில். இரண்டும் நடு வரிசைகள். வேறெங்கும் இப்படி இல்லை. சுலோகத்தின் முதல் பாதியும் 16 எழுத்தில்தான் முடிகிறது. நான்கு வரிசைப் பலகையில், எத்தனை நீளமானாலும், குதிரை எல்லாக் கட்டத்தையும் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர முடியாது என்பதற்கும் இதே காரணம்தான்.

ஐரோப்பாவில் ஆய்லர் குதிரை நடையைக் கணிதமாக ஆராய்ந்தது 1759இல். தேசிகருக்கு முன்பும் ஒருவர் இருந்தார்: 9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ருத்ரடர். அவருடைய சுலோகத்தைக் குதிரை நடையில் படித்தால் அதே சுலோகம் திரும்ப வரும். தேசிகருடையதில் வேறொரு சுலோகம், வேறொரு பொருளோடு வருகிறது. இது இன்னும் கடினம் என்பது என் எண்ணம். எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டுமல்லவா?

தமிழிலும் இப்படிக் கட்டத்தில் எழுதும் பாடல் உண்டு. ஸ்ரீரங்கத்தில் மதில் எடுப்பித்த திருமங்கையாழ்வார் குடந்தை ஆராவமுதன்மேல் பாடிய திருவெழுகூற்றிருக்கையைத் தேர் வடிவில் கட்டம் கட்டி எழுதுவார்கள். 1, 2, 1. பிறகு 1, 2, 3, 2, 1 என்று ஏழு வரை எண்கள் ஏறி இறங்கும். ஒவ்வொரு தட்டையும் கூட்டுங்கள்: 4, 9, 16 என்று போய் 49இல் நிற்கும்.

திருச்சியையும் விட்டுவிடக் கூடாது. ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது அவருக்கு மேலதிகாரியாக இருந்து, இரவுகளில் சிலேட்டோடு உட்கார்ந்து கூடவே கணக்குப் போட்ட நாராயண ஐயர், முன்பு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தில் முதல் அத்தியாயமே மாயச்சதுரங்கள்தான். பள்ளிப் பருவத்து ஆர்வம்.

தேசிகர், ஆழ்வார், ராமானுஜன் மூவரும் கட்டத்தை உண்டாக்கியவர்கள். நீங்கள் இத்தனை வருடமும் யாரோ காலி விட்ட கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். முடித்ததும் கையில் எதுவும் மிஞ்சாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சுடோகுவை விட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வெறும் கட்டம் போட்டு, நிபந்தனையையும் நீங்களே வைத்துப் பாருங்கள்.

முதலில் நாலுக்கு ஐந்து கட்டம் போதும். அதில் குதிரை நடை உண்டு. தாவ வழி குறைவாக உள்ள கட்டத்தை முன்னதாக முடித்துவிடுங்கள், கடைசிக்கு வைத்தால் மாட்டிக்கொள்ளும். நாலுக்கு நாலில் மட்டும் முடியவே முடியாது. ஏன் என்று மூலைக் கட்டங்களிலிருந்து யோசித்து, வரைந்ததையும் சேர்த்து எனக்குத் தபாலில் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்