கடன் தவணைக்கு விடுப்பு எடுக்கிறீர்களா? சிபில் பதிவைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேலை போய்விட்டது, அல்லது கடையில் வியாபாரம் படுத்துவிட்டது, அல்லது வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். 5-ம் தேதி வந்தால் இ.எம்.ஐ. கட்ட வேண்டும், கையில் பணம் இல்லை. இந்த நிலையில் 'மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம்' என்று ஒரு செய்தி வந்தால் பெரிய ஆறுதல்தான். கூடவே ஒரு பயமும் வரும்: 'சிபில் ஸ்கோர் அடிபடுமே?'

ரிசர்வ் வங்கி அறிவித்த சலுகையின் கீழ் முறைப்படி பெற்ற விடுப்பு உங்கள் கடன் பதிவைக் கெடுக்கக் கூடாது என்பதுதான் விதி. வாய்மொழி உறுதியை நம்பித் தவணையை நிறுத்தினால் பதிவு நிச்சயம் கெடும். இரண்டுக்கும் நடுவில் 'கடன் சீரமைப்பு' என்று ஒன்று இருக்கிறது. விடுப்பு என்ற பெயரில் பலர் தெரியாமல் கையெழுத்துப் போடுவது அதில்தான். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். மீதிக் கவலைக்கு வழி, கீழே உள்ள ஏழு படிகள்.

அடிப்படை: விடுப்பு, தள்ளுபடி இல்லை

தவணை விடுப்பைப் பலரும் மாரடோரியம் என்றே சொல்கிறார்கள். குறிப்பிட்ட சில மாதங்களுக்குத் தவணை கட்டுவதைத் தள்ளிப்போட அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். அசல் அப்படியே இருக்கும், வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

நம் நாட்டில் இதற்கு மிகப் பெரிய உதாரணம் கொரோனா காலம். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தவணைகளுக்கு விடுப்பு தர வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் அனுமதித்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. மொத்தம் ஆறு மாதம். கிரெடிட் கார்டு பாக்கிக்கும் அது பொருந்தியது. அந்தச் சுற்றறிக்கையிலேயே, இப்படித் தள்ளிவைப்பதைத் தவணை தவறியதாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கக் கூடாது என்றும், பயனாளிகளின் கடன் வரலாறு பாதிக்கப்படக் கூடாது என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

கடன் தகவல் நிறுவனம் என்றதும் சிபில் மட்டும்தான் நினைவுக்கு வரும். இந்தியாவில் இத்தகைய நிறுவனங்கள் நான்கு: ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். உங்களுக்குக் கடன் கொடுத்தவர் அனுப்பும் விவரத்தை வைத்தே இவை அறிக்கை தயாரிக்கின்றன. 300 முதல் 900 வரை போகும் ஸ்கோரில் 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல ஸ்கோர் என்று கொள்கிறார்கள்.

படி 1: உங்களுக்குக் கிடைப்பது எந்த விடுப்பு என்று கேளுங்கள்

விடுப்புக்குச் சம்மதிக்கும் முன் வங்கியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறது சார்?"

ரிசர்வ் வங்கியின் பொதுச் சலுகை: கொரோனா விடுப்பு இந்த வகை. அண்மைய உதாரணம், அமெரிக்க இறக்குமதி வரியால் அடிபட்ட ஏற்றுமதியாளர்களுக்கு 2025 நவம்பரில் வந்த சலுகை. ஜவுளி உள்ளிட்ட துறைகளில் தகுதியுள்ளவர்களுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்க அது வழி செய்தது. திருப்பூர்க்காரர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள அறிவிப்பு அது. கடன் வரலாறு பாதிக்கப்படக் கூடாது என்ற பாதுகாப்பு இதிலும் உண்டு.

இயற்கைப் பேரிடர் சலுகை: புயல், வெள்ளம், வறட்சி தாக்கிய பகுதிகளுக்கானது. மாநில அளவிலான வங்கியாளர் குழு கூடி முடிவெடுக்கும். தமிழ்நாட்டில் அந்தக் குழுவை ஒருங்கிணைப்பது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. உங்கள் மாவட்டம் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருந்தால், கிளையில் இந்தச் சலுகை பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

தனிப்பட்ட கடன் சீரமைப்பு: எச்சரிக்கை தேவைப்படும் இடம் இதுதான். பொதுச் சலுகை எதுவும் இல்லாத காலத்தில், உங்கள் கஷ்டத்தைப் பார்த்து வங்கி தவணையை மாற்றியமைத்தால் அது சீரமைப்பாகக் கருதப்படலாம். ரிசர்வ் வங்கியின் 2019 ஜூன் விதிமுறைப்படி, நிதி நெருக்கடியில் இருப்பவரின் கடனைச் சீரமைத்தால் அந்தக் கணக்கு உடனே வாராக்கடன் வகைக்கு இறங்கும். கொரோனாவின்போது வந்த சிறப்புச் சீரமைப்புத் திட்டத்தில் இந்த இறக்கம் தவிர்க்கப்பட்டது. ஆனாலும் 2021 மே மாதத் திட்டத்தின் கீழ் சீரமைத்த கணக்குகள், 'கோவிட்-19 காரணமாகச் சீரமைக்கப்பட்டது' என்ற குறிப்போடுதான் கடன் அறிக்கையில் பதிவாயின. அடுத்து கடன் கொடுக்க வருபவர் அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் விடமாட்டார்.

வேறு வழியே இல்லை என்றால் சீரமைப்பு தவறில்லை. கட்டாமல் விட்டுக் கணக்கு மூழ்குவதைவிட அது எவ்வளவோ மேல். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போடுங்கள்.

படி 2: விடுப்பின் விலையைக் கணக்குப் போடுங்கள்

பதிவு கெடாது என்பதாலேயே விடுப்பு எடுத்துவிட வேண்டாம். ₹20 லட்சம் வீட்டுக்கடன் பாக்கி, வட்டி 9 சதவீதம், இன்னும் 15 ஆண்டு இருக்கிறது என்று வையுங்கள். மாதத் தவணை சுமார் ₹20,285. மூன்று மாதம் கட்டாமல் விட்டால் ஏறும் வட்டி சுமார் ₹45,300. அது அசலோடு சேரும். அதே தவணையைத் தொடர்ந்தால், மீதமிருந்த 180 தவணை சுமார் 189 ஆகிவிடும். மூன்று தவணையைத் தள்ளிப்போட்டதற்கு ஒன்பது தவணை கூடுதல், அதாவது சுமார் ₹1.8 லட்சம்.

அதே கடன் முடிய 2 ஆண்டுதான் பாக்கி என்றால் நிலைமை வேறு. அப்போது அசல் ₹4.44 லட்சம்தான் இருக்கும். கூடுதல் சுமை ஒரு தவணைகூட வராது. கடனின் தொடக்கத்தில் எடுக்கும் விடுப்பு விலை உயர்ந்தது, கடைசியில் எடுப்பது மலிவானது.

கிரெடிட் கார்டில் விடுப்பு எடுப்பதைக் கடைசி வழியாக வையுங்கள். மாதம் 3.5 சதவீத வட்டியில் ₹50,000 பாக்கி ஆறு மாதத்தில் ₹61,000-ஐத் தாண்டிவிடும். பாக்கி ஏறும்போது கார்டு வரம்பில் நீங்கள் பயன்படுத்தும் விகிதமும் ஏறும். 'தவணை தவறியது' என்ற குறிப்பே இல்லாமலும் ஸ்கோர் இறங்க இது ஒரு வழி.

2020 விடுப்புக் காலத்துக்கு வட்டிக்கு வட்டியும் அபராத வட்டியும் வசூலிக்கக் கூடாது, வசூலித்திருந்தால் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 23 அன்று தீர்ப்பளித்தது. ஆனால், சாதாரண வட்டியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு அந்தக் காலத்துக்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு புதிய சலுகையிலும் வட்டி எப்படிக் கணக்கிடப்படும் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

படி 3: எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

"மேனேஜர் பார்த்துக்கிறேன்னு சொன்னார்" என்பது எந்தப் புகாரிலும் நிற்காது. மின்னஞ்சலிலோ, கிளையில் முத்திரை வாங்கிய கடிதத்திலோ இப்படி எழுதிக் கொடுங்கள்:

"என் வீட்டுக்கடன் கணக்கின் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதத் தவணைகளுக்கு விடுப்பு கோருகிறேன். இது எந்தத் திட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது, விடுப்புக் கால வட்டி எப்படிக் கணக்கிடப்படும், கடன் தகவல் நிறுவனங்களுக்கு என் கணக்கு எந்த நிலையில் தெரிவிக்கப்படும் என்பவற்றை எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

பதில் வரும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். முழுத் தொகை முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டுங்கள். மகளிர் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். அந்தக் கடன்களும் கடன் தகவல் நிறுவனங்களில் பதிவாகின்றன. வசூலுக்கு வருபவர் "அடுத்த வாரம் கொடுங்க அக்கா" என்று சொல்வது விடுப்பு ஆகாது.

படி 4: ஆட்டோ டெபிட்டைக் கவனியுங்கள்

விடுப்பு கிடைத்த பிறகும் ஆட்டோ டெபிட் உத்தரவு பழையபடியே ஓடலாம். கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினால் பவுன்ஸ் கட்டணம் விழும். தவணை தவறியதாகத் தவறுதலாகப் பதிவாகும் வாய்ப்பும் இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனமே அந்த உத்தரவை நிறுத்திவைத்ததா, மறுபடி எந்தத் தேதியில் தொடங்கும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் வங்கியில் சரியாக இருக்கட்டும். தவணை தவறியதாகக் கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும்போது வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

படி 5: உங்கள் அறிக்கையை நீங்களே படியுங்கள்

நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. விடுப்புக்கு முன் ஒன்று, நடுவில் ஒன்று, முடிந்த பின் ஒன்று என்று வெவ்வேறு நிறுவனங்களிடம் எடுத்துக்கொள்ளலாம். 2025 ஜனவரி முதல் 15 நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும் என்ற விதி வந்திருப்பதால், தவறு நடந்தால் சீக்கிரமே தெரிந்துவிடும்.

சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே 36 மாதத்துக்கான கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதம் எத்தனை நாள் பாக்கி என்ற எண் இருக்கும். 000 என்றால் பாக்கி இல்லை. சில நிறுவனங்கள் எண்ணுக்குப் பதில் எஸ்.டி.டி. என்று போடும். 90 நாளுக்குள் இருக்கும் கணக்கு என்று அதற்குப் பொருள்.

விடுப்புக்கு முன்பே 30 நாள் பாக்கி வைத்திருந்தவரின் கட்டங்களைப் பாருங்கள். பிப்ரவரியில் 030 இருந்தால், விடுப்பு மாதங்களான மார்ச், ஏப்ரல், மே மூன்றிலும் 030 என்றே நிற்க வேண்டும். 2020-ல் விதி இதுதான்: விடுப்புக் காலத்தை நாள் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே 060, 090, 120 என்று ஏறிக்கொண்டே போயிருந்தால் விடுப்பு பதிவாகவில்லை என்று பொருள். உடனே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 6: தவறு இருந்தால் புகார் செய்யுங்கள்

கடன் கொடுத்த நிறுவனத்துக்கும், தவறான பதிவு உள்ள கடன் தகவல் நிறுவனத்துக்கும் புகார் அனுப்புங்கள். விடுப்புக் கடிதம், அந்த மாதங்களின் ஸ்டேட்மெண்ட், அறிக்கையின் நகல் மூன்றையும் இணையுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு உங்களுக்கு உரியது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள உரிமை இது. அதற்கும் பலன் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் முறையிடலாம், கட்டணம் கிடையாது. விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

'பணம் கொடுத்தால் சிபிலைச் சரி செய்து தருகிறோம்' என்பவர்களை நம்பாதீர்கள். தவறான பதிவைத் திருத்த நீங்களே போதும். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

படி 7: விடுப்பு முடியும் மாதத்துக்குத் தயாராகுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். விடுப்பு முடிந்த மறுநாளே நாள் கணக்கு விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். ஏற்கெனவே 60 நாள் பாக்கி இருந்தவருக்கு, 90 நாளைத் தாண்டி வாராக்கடன் ஆவதற்கு இன்னும் 30 நாள்தான் அவகாசம். ஆகவே விடுப்புக் காலத்திலேயே முதல் தவணைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். புதிய தவணை அட்டவணையை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். தவணைத் தொகை கூடியிருக்கிறதா, காலம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கையில் பணம் சேர்ந்தால் ஏறிய வட்டியை மொத்தமாகக் கட்டிவிடுங்கள்.

அடிக்கடி எழும் கேள்விகள்

ஜாமீன் போட்டவருக்குப் பாதிப்பு உண்டா? உண்டு. கூட்டாகக் கடன் வாங்கியவர், ஜாமீன்தாரர் அறிக்கைகளிலும் அந்தக் கடன் இடம்பெறும். விடுப்பு எடுப்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கல்விக் கடனின் விடுப்பு? படிப்புக் காலமும் அதன் பின் வழக்கமாகத் தரப்படும் ஓராண்டும் ஒப்பந்தத்திலேயே உள்ளவை. அதனால் பதிவு கெடாது. அந்த ஓராண்டு முடியும் தேதியை மறந்துவிடுவதுதான் ஆபத்து.

புதிய கடன் கேட்கும்போது விடுப்பு தடையாகுமா? ஸ்கோர் நன்றாக இருந்தாலும், வங்கி உங்கள் ஸ்டேட்மெண்டில் தவணை போகாத மாதங்களைப் பார்த்து விளக்கம் கேட்கலாம். விடுப்புக் கடிதத்தைக் கடன் முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

நெருக்கடியில் இருப்பவர் விடுப்பு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது உங்களுக்காக வகுக்கப்பட்ட வழி. கட்ட முடிகிறவர்கள் கட்டிவிடுங்கள். முடியாதவர்கள், முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். தவறிய பிறகு போனால் கேட்பதற்குச் சீரமைப்பு மட்டுமே மிஞ்சலாம்.