மலைப் பள்ளிகளுக்கு இணையம்: ஊர்த் தொண்டர்களின் பங்கு

நேபாள நாட்டில், அன்னபூர்ணா மலைத்தொடரின் சரிவில், மியாக்தி மாவட்டத்தைச் சேர்ந்த நாங்கி என்னும் சிற்றூர் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூருக்கு மோட்டார் சாலையும் இல்லை. தொலைபேசிக் கம்பியும் இல்லை. ஆயினும் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் கணினிகள் இருந்தன. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பயின்று ஊர் திரும்பிய மகாவீர் புன் என்னும் ஆசிரியர், நன்கொடையாகக் கிடைத்த பழைய உறுப்புகளை மரப்பெட்டிகளிற் பொருத்தி அவற்றை அமைத்திருந்தார். ஓடை நீரால் இயங்கும் சிறு மின்னாக்கி அவற்றுக்கு மின்சாரம் அளித்தது. மின்னஞ்சல் பார்ப்பதற்கு மட்டும் போக்கரா நகருக்குப் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

2001-இல் அவர் பி.பி.சி. நிறுவனத்துக்கு யோசனை கேட்டு எழுதினார். செய்தி பரவவே, பல நாட்டுத் தொண்டர்கள் விடை எழுதினர். சிலர் கருவிகளுடன் நேரிலேயே வந்தனர். நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. கம்பியில்லாக் கருவியைக் கொண்டு செல்வதே ஐயத்துக்கு இடமளித்தது. அவ்வாறிருந்தும், மலையுச்சியில் மரங்களின்மீது ஆன்டெனாக்களைக் கட்டி, வீட்டில் பயன்படும் சாதாரண வைஃபை கருவிகளைக்கொண்டே நாங்கியையும் போக்கராவையும் இணைத்தனர். இப்பணிக்காகப் புன் 2007-இல் மகசேசே விருது பெற்றார்.

அறைக்குள் சில மீட்டரே எட்டும் கருவி, மலை கடந்து செல்வது எங்ஙனம்? வைஃபை அலைகளின் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12.5 செ.மீ. சாதாரண ஆன்டெனா இவ்வலைகளை எல்லாத் திசையிலும் சிதறவிடுகிறது. கிண்ண வடிவ ஆன்டெனாவோ, கைவிளக்கின் பின்னுள்ள ஆடியைப்போல, அவற்றை ஒரே திசையிற் குவிக்கிறது. ஆகவே, சிறிய ஆற்றலே பல கிலோமீட்டர் செல்லப் போதுமானதாகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: இரு முனைகளும் ஒன்றையொன்று நேரே காணவேண்டும். குன்று குறுக்கிட்டால், அதன் உச்சியில் இடைநிலையம் ஒன்று அமைப்பதே வழி.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதும் என்று எண்ணுதல் புதியவர் செய்யும் பிழை. அலை ஒரு நூலைப்போற் செல்வதன்று. நடுவில் பருத்த ஒரு குழாயைப்போற் செல்கிறது. இதனைப் பிரெனெல் மண்டலம் என்பர். 20 கிலோமீட்டர் தொலைவுள்ள இணைப்பில், நடுவழியில் இதன் ஆரம் 25 மீட்டர். இதில் பத்தில் ஆறு பங்காவது, அதாவது 15 மீட்டர், தடையின்றி இருத்தல் வேண்டும். புவியின் வளைவு அவ்விடத்தில் மேலும் 6 மீட்டரை விழுங்குகிறது. எனவே நேர்கோட்டுக்குக் கீழே 21 மீட்டர் வெளி தேவை. ஈர இலைகள் இவ்வலையை நன்கு உறிஞ்சுவதால், கோடையிற் குறையின்றி இயங்கிய இணைப்பு மழைக்காலத்தில் நின்றுவிடுதல் உண்டு. மரம் வளரும் என்பதையும் மறத்தலாகாது.

உச்சியில் மின்சாரம் இராது. கருவிகள் 10 வாட் உண்பதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு 240 வாட்-மணி செலவாகும். மூன்று நாள் மேகமூட்டத்தைத் தாங்க 720 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட் பாட்டரியில் இது 60 ஆம்பியர்-மணி. ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையுமாதலால், 120 ஆம்பியர்-மணியே தக்க அளவு. சிக்கனம் கருதி இதிற் குறைப்போர், மறு ஆண்டே புதிய பாட்டரியை முதுகிற் சுமந்து மலையேற நேரும்.

இந்தியாவில் இவ்வலைவரிசையைக் குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் இசைவு அளிக்கப்பட்டது. அதனையொட்டி இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலாவில் பள்ளிகளையும் பிற நிலையங்களையும் பிணைக்கும் வலை ஒன்று எழுந்தது. அங்கே ஆன்டெனாக்களுக்கு இடியைப் போலவே குரங்குகளும் பகையாயின. கம்பங்களில் ஊஞ்சலாடும் அவற்றைப் பற்றி எப்பாடநூலும் எச்சரிப்பதில்லை.

ஆயினும், இணைப்பு நிலைப்பதும் அழிவதும் மனிதரைப் பொறுத்தவை. வெளியூர்த் தொண்டர் ஒரு வாரம் தங்கிச் செய்யும் வேலையினும், உள்ளூர் இளைஞர் ஒருவருக்கு அவர் கற்பிக்கும் இரண்டு நாட்பாடம் மதிப்பு மிக்கது. நேபாளத்தில் ஊர் இளைஞர்களுக்கு இப்பயிற்சி அளிக்கப்பட்டமையால் வலை பல ஊர்களுக்கு விரிந்தது. ஆங்கிலமோ கணிதமோ கற்பிக்க ஆளில்லாத பள்ளிக்கு, வேறோர் ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் திரைவழியே பாடம் நடத்தவும் இயன்றது. அத்தகைய பள்ளியில் இணைப்பு அறுந்தால், அன்றைய பாடமும் அறுகிறது.

ஆகவே பள்ளியில் ஒரு பதிவேடு இருத்தல் நன்று. கருவிகளின் முகவரி எண்களும் கடவுச்சொற்களும், ஆன்டெனா நோக்கும் திசையும், பாட்டரி மாற்றிய நாளும் அதில் எழுதப்படவேண்டும். ஆன்டெனாவின் திசையைக் கம்பத்தில் வண்ணக் கோடிட்டும் குறித்துவைக்கலாம். புயலில் திரும்பிவிட்டால், அளவுகருவி இன்றியே மீண்டும் பொருத்திவிட இயலும். மழை தொடங்குமுன் ஆண்டுக்கொருமுறை மேல்வகுப்பு மாணவருடன் இடைநிலையத்துக்குச் சென்று, நிலத்தொடர்புக் கம்பியின் துருவைச் சுரண்டி, குறுக்கே வளர்ந்த கிளைகளை நில உடையவரின் இசைவுடன் வெட்டி வருதல் வேண்டும்.