இயேசு சபைக் கல்வி நெறியில் தேர்ந்த மாணாக்கர் கழகங்கள்

இயேசு சபை தன் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கென 1599இல் வெளியிட்ட ‘இராத்தியோ ஸ்துதியோரும்’ என்னும் கல்வி நெறி நூல், வகுப்புக்கு அப்பால் ‘அகாதெமியா’ என்னும் மாணவர் கழகங்களுக்கும் விதி வகுத்துள்ளது. மாணாக்கர் அனைவரிலிருந்தும் தெரிந்தெடுக்கப்பட்டோர், சபையார் ஒருவரின் மேற்பார்வையில் கூடிச் சிறப்புப் பயிற்சிகளில் ஈடுபடுவர். இலக்கியம் பயில்வோர் கழகத்தில் சொற்பொழிவு, செய்யுள் ஆகியவற்றோடு புதிர் புனைதலும் இடம்பெற்றது. தொல்காப்பியர் ‘பிசி’யை யாப்பு வகை ஏழனுள் ஒன்றாக வைத்ததை அறிந்தோர் இதனை வெறும் விளையாட்டெனக் கொள்ளார். இப்பயிற்சிகள் பாடச்சுமையின் நீட்சி அல்ல. மாணவனையே ஆக்குவோனாக மாற்றுபவை. எனினும் தேர்வு முறையே கூர்ந்து நோக்கத்தக்கது. கழகத்தார் கல்வி முயற்சியில் மட்டுமன்றி ஒழுக்கத்திலும் பக்தியிலும் பிறர்க்கு முன்மாதிரியாக விளங்குதல் வேண்டும் என்பது விதி. ஆகவே, கூர்மதி படைத்தும் பள்ளி விதிகளுக்கு அடங்காத மாணவன் கழகத்திற்கு வெளியே நிற்க நேர்ந்திருக்கும்.