அரியலூரில் நிலவியல் களப்பயிற்சி

கேள்வி: நிலவியல் மாணவர்கள் களப்பயிற்சிக்கு அரியலூர்ப் பகுதிக்குச் செல்வது ஏன்?

பதில்: பாறை அடுக்குகள் படிந்த வரிசையைக் கொண்டு புவியின் வரலாற்றைக் கணிக்கும் அடுக்கியலை வரைபடங்களால் மட்டும் கற்பிக்க இயலாது என்பதாலும், ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரெட்டேசியஸ் காலத்தில் உட்புகுந்த கடல் படியவைத்த சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் களிமண்ணும் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் வெளிப்பட்டுக் கிடப்பதாலுமே அப்பகுதி களப்பயிற்சிக்கு ஏற்றதாகிறது. காரை கிராமத்தருகே மழைநீர் அரித்த களிமண் மேடுகளில், சுருள் ஓடுடைய அமோனைட்டுகளையும் துப்பாக்கித் தோட்டா வடிவிலான பெலெம்னைட்டுகளையும் காணும் மாணவர்கள், திசைகாட்டியும் சாய்வுமானியும் இணைந்த கிளைனோமீட்டரால் அடுக்குகளின் சாய்வை அளந்து, புதைபடிவங்களைக் கொண்டு அவற்றின் வயதைக் கணிக்கப் பயில்கின்றனர். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரம், கரையோரத் தாவரங்களும் அக்கடற்படிவில் புதையுண்டதற்குச் சான்றாகிறது.