பனையேறிக் கெண்டை: சுவாசப் பாடத்திற்கு ஒரு சந்தை மீன்

சுவாசம் பற்றிய பாடத்தில் 'மீன்கள் செவுள்களால் சுவாசிக்கின்றன' என்ற வரியை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். 'தண்ணீருக்குள்ளேயே ஒரு மீன் மூச்சுத்திணறிச் சாகுமா?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் 'சாகாது' என்பர். பனையேறிக் கெண்டை அந்த விடையை மாற்றிவிடும்.

குளம், வயல், வாய்க்கால்களில் வாழும் இம்மீன் பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான் இருக்கும். வங்காளத்தில் 'கொய்', தாய்லாந்தில் 'பிளா மோ' என்ற பெயர்களில் சந்தைகளில் உயிருடன் விற்கப்படுகிறது. உடல் ஈரமாக இருந்தால் நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிர்வாழும்.

காரணம், செவுள்களுக்கு மேலுள்ள அறையில் மடிப்பு மடிப்பாக அமைந்த துணைச் சுவாச உறுப்பு. அதில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கும். மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பெறுகிறது. செவுள்கள் மட்டும் இதற்குப் போதா. மேலே வரவிடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத்திணறும். நீர் வற்றினால், முள் நிறைந்த செவுள் மூடியைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி அடுத்த குளம் தேடிப் போகும்.

மரம் ஏறுமா? டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், தரங்கம்பாடியில் குளக்கரைப் பனைமரம் ஒன்றில் இம்மீனைக் கண்டதாக எழுதினார். அக்குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வெளியானது. பறவைகள் கவ்விச்சென்று மரத்தில் போட்டிருக்கலாம் என்று பின்னாளில் விளக்கம் கூறப்பட்டது. கண்டது வேறு, அதிலிருந்து ஊகித்தது வேறு என்பதைக் கற்பிக்க நல்ல எடுத்துக்காட்டு இது.

வகுப்பறைச் செயல்பாடுகள்:

1. சந்தையில் உயிருடன் விற்கப்படும் மீன்கள் எவை, பனிக்கட்டியில் வைத்து விற்கப்படுபவை எவை எனப் பட்டியலிடச் செய்க. காரணத்தை ஊகிக்கச் செய்க.
2. வயல்மீன் பிடிக்கும் பெற்றோர், தாத்தா பாட்டியிடம் கேட்டு அவர்கள் கண்டவற்றைத் தொகுக்கச் செய்க.
3. டால்டார்ஃப் கண்ட செய்திக்கு இரண்டு விளக்கங்கள் எழுதி, எதற்குச் சான்று தேவை என விவாதிக்கச் செய்க.

மீனை மூடிய பாட்டிலில் அடைத்துச் சோதிக்க வேண்டாம். நேரில் உற்றுநோக்கினாலே போதும்.

'சில மீன்கள் காற்றையும் சுவாசிக்கும்' என்று விடைத்தாளில் ஒரு மாணவர் எழுதினால், பாடநூலில் இல்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். வயல் வரப்பில் அவர் கண்டறிந்த அறிவியல் அது.