எழுதும் உரிமை

ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள் குடியிருப்பதைப் போல, ஒரே கணினிக்குள் பல கணினிகள் இயங்குகின்றன. மென்பொருளால் உருவாக்கப்படும் இத்தகைய கணினியை மெய்நிகர் இயந்திரம் என்பர். ஒரு வங்கியின் கணக்கும் ஒரு மருத்துவமனையின் நோயாளர் குறிப்பும் ஒரே நினைவகத்தில் அருகருகே இடம்பெறக்கூடும். ஒருவர் இடத்தில் மற்றொருவர் எழுதிவிடாமல் காப்பது எது?

பக்கமும் அனுமதியும்

செயலி, நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுத்துக் கையாள்கிறது. இன்டெல் நிறுவனம் 1985ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய 80386 செயலியில் ஒரு பக்கத்தின் அளவு 4096 பைட்டுகள். ஒவ்வொரு பக்கமும் இருக்குமிடத்தைப் பக்க அட்டவணை காட்டும். அதன் ஒவ்வொரு பதிவிலும் எழுதும் உரிமையைக் குறிக்கும் பிட் ஒன்று உண்டு. அதன் மதிப்பு 1 எனில் எழுதலாம்; 0 எனில் படிக்க மட்டுமே இயலும்.

மெய்நிகர் இயந்திரம் தனக்கென ஓர் அட்டவணையை வைத்திருக்கும். அதற்கு மேலாக, எல்லா இயந்திரங்களையும் ஆளும் மேற்பார்வை மென்பொருள் மற்றோர் அட்டவணையைப் பேணும். இவ்விரண்டையும் தாமே ஒப்புநோக்கும் செயலிகள் 2007, 2008ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. இரண்டு அட்டவணைகளும் இசைந்தால்தான் எழுத இயலும். மேற்பார்வை மென்பொருளின் அட்டவணை மறுத்தால், செயலி அக்கட்டளையை நிறுத்திக் கட்டுப்பாட்டை அம்மென்பொருளிடமே ஒப்படைக்கும்.

தடையின் பயன்

இத்தடை வெறும் பூட்டு அன்று. யார், எப்பொழுது எழுத முற்படுகிறார் என்பதை உணர்த்தும் மணியும் ஆகும். பல இயந்திரங்களில் ஒரே உள்ளடக்கம் கொண்ட பக்கங்கள் இருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதன் எழுதும் உரிமையை நீக்கிவிடலாம். எவரேனும் எழுத முற்படும்போது அவருக்கு மட்டும் தனிப்படி எடுத்து வழங்கப்படும். நூலகப் புத்தகத்தைப் பலரும் படிக்கலாம். அதில் குறிப்பெழுத விரும்புபவர் தமக்கெனத் தனிப்படி பெறவேண்டும் என்பதைப் போன்றது இது. லினக்ஸ் இயக்க அமைப்பின் 2.6.32 பதிப்பில் இவ்வசதி 2009ஆம் ஆண்டு இணைக்கப்பட்டது.

இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை வேறொரு கணினிக்கு இடம்பெயர்க்கவும் இத்தடை உதவுகிறது. பக்கங்கள் அனுப்பப்படும் வேளையில் அவற்றின் எழுதும் உரிமை நீக்கப்படும். எழுத முற்பட்டதும் அப்பக்கம் குறித்துவைக்கப்பட்டு, உரிமை மீண்டும் வழங்கப்படும். மாறிய பக்கங்களை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். எஞ்சியவற்றை அனுப்பும் சிறுபொழுது மட்டுமே இயந்திரம் நிற்கும்.

கவனமும் கடமையும்

அட்டவணையில் பிட்டை மாற்றுவதோடு பணி முடிவதில்லை. விரைவு கருதிச் செயலியின் ஒவ்வொரு கருவகமும் அட்டவணைப் பதிவுகளைத் தன்னிடம் சேமித்துவைத்திருக்கும். அப்பழைய பதிவுகளை அழிக்கத் தவறினால், பறிக்கப்பட்ட உரிமையைக் கொண்டே அது எழுதிவிடும். இடம்பெயர்க்கும் வேளையில் இது நேர்ந்தால் மாற்றம் பதிவாகாது. புதிய கணினியில் பழைய தரவே எஞ்சும். பகிர்ந்த பக்கத்தில் நேர்ந்தால் ஒருவர் எழுதியது மற்றவர் தரவைச் சிதைக்கும். எவ்விதப் பிழைச்செய்தியும் தோன்றாது என்பதே இதன் பேரிடர்.

எனினும், ஒவ்வொரு தடுப்புக்கும் நேரம் செலவாகும். எல்லாப் பக்கங்களையும் எப்போதும் தடுத்தால் வேகம் குன்றும். தடுக்காவிடின் பாதுகாப்புக் குலையும். எந்தப் பக்கத்தை, எப்பொழுது, எவ்வளவு நேரம் தடுப்பது எனத் தேர்ந்து செயல்படுவதே மேற்பார்வை மென்பொருளை வடிவமைப்போரின் கடமையாகும்.