கண்ணுக்குள் தோன்றும் ஒளிக்கீற்று: காரணங்களும் கடமைகளும்

நம் நாட்டில் பார்வையிழப்பைத் தடுக்கும் பணி கண்புரையை மையமாகக் கொண்டே வளர்ந்துள்ளது. 1976ஆம் ஆண்டில் பார்வையிழப்புத் தடுப்புத் தேசியத் திட்டம் தொடங்கியது முதல் கண்புரை அறுவைச் சிகிச்சையே அதன் முதற்பணியாக இருந்து வந்துள்ளது. இது பொருத்தமானதே. 2006-07ஆம் ஆண்டு ஆய்வில் 1 சதவீதமாக இருந்த பார்வையிழப்பு, 2015-19 தேசிய ஆய்வில் 0.36 சதவீதமாகக் குறைந்திருந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே காணப்பட்ட பார்வையிழப்பில் 66.2 சதவீதத்திற்குக் கண்புரையே காரணம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

ஆனால் கண்புரை பெரும்பாலும் காத்திருக்கக்கூடிய நோய். அடுத்த முகாம் வரும்வரை பொறுத்தாலும் அறுவைக்குப் பின் பார்வை மீள்கிறது. எல்லாக் கண் நோய்களும் அவ்வாறு அல்ல. சில நாள் தாமதத்திலேயே பார்வையைப் பறிக்கக்கூடிய ஒரு நோயின் முன்னறிவிப்பாக, கண்ணுக்குள் திடீரெனத் தோன்றும் ஒளிக்கீற்று அமையலாம். அதில் வலி இல்லை. கண் சிவப்பதும் இல்லை. ஆகவேதான் அது அலட்சியம் செய்யப்படுகிறது.

ஒளி தோன்றுவது எவ்வாறு?

கண்ணின் பின்புறச் சுவரில் படிந்துள்ள விழித்திரைக்கு வலியுணர்வு கிடையாது. இழுத்தாலும் அழுத்தினாலும் அது அதனை ஒளியாகவே மூளைக்குத் தெரிவிக்கிறது. மூடிய கண்ணை விரலால் அழுத்தும்போது ஒளி வட்டம் தெரிவதும், கண்ணில் அடிபட்டால் பொறி பறப்பதும் இதனாலேயே.

கண்ணின் உட்குழியை 'விட்ரியஸ்' என்னும் தெளிந்த கூழ் நிரப்பியுள்ளது. வயது ஏறும்போது அது நீர்த்துச் சுருங்கி, விழித்திரையிலிருந்து பிரிகிறது. 50 வயதுக்கு மேல் பலருக்கும் நேரும் இயல்பான மாற்றம் இது. பிரியும்போது விழித்திரை இழுபடுவதால், இருளில் கண்ணை அசைக்கையில் பார்வையின் ஓரத்தில் மின்னல் போன்ற கீற்று தோன்றுகிறது. மிதக்கும் புள்ளிகளும் உடன் தெரியலாம். பெரும்பாலோருக்கு இது தீங்கின்றி அடங்கிவிடும்.

எனினும், இவ்வறிகுறிகள் திடீரெனத் தோன்றியவர்களுள் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு விழித்திரையில் கிழிசல் காணப்படுகிறது. கிழிசலின் வழியே நீர் புகுந்தால் விழித்திரை தன் இடத்தை விட்டு விலகும். புள்ளிகள் மழைபோல் பெருகுவதும், ஒரு பக்கத்திலிருந்து திரைபோல் நிழல் படர்வதும் இதன் அடையாளங்கள். கிட்டப்பார்வை மிகுந்தோர், கண்புரை அறுவை செய்துகொண்டோர், கண்ணில் அடிபட்டோர், குடும்பத்தில் இந்நோய் உடையோர் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல்.

பிற காரணங்கள்

ஒளிக்கீற்று எப்போதும் கண்ணிலிருந்தே எழுவதில்லை. ஒற்றைத் தலைவலி உடையோருக்கு, வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் இரு கண்களின் பார்வையிலும் தோன்றி, மெல்ல விரிந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் மறையும். தலைவலி பின்தொடரலாம், தொடராமலும் இருக்கலாம். சட்டென எழுந்து நிற்கும்போது சில நொடிகள் மட்டும் தோன்றும் பொறிகளுக்கு இரத்த அழுத்தத் தாழ்வு காரணமாகலாம். முற்றிய நீரிழிவு நோயில் விழித்திரை இழுபடுவதாலும் ஒளி தோன்றலாம்.

இரு நிலைகள் அவசரமானவை. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் கடும் தலைவலியுடன் ஒளிப்பொறிகள் தெரிந்தால், அது உயர் இரத்த அழுத்தத்தின் அபாய அறிகுறியாகலாம். இதில் தாயின் உயிரும் சேயின் உயிரும் அடங்கியுள்ளன. பேச்சுக் குழறலோ, கை கால் தளர்ச்சியோ உடனிருப்பின் அது பக்கவாதத்தின் அறிகுறியாகலாம். இவ்விரு நிலையிலும் நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

காலத்தின் மதிப்பு

அறிகுறியுடன் கூடிய கிழிசலைக் கவனியாது விட்டால், அத்தகையோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழித்திரை விலகுகிறது. உரிய காலத்தில் லேசர் கொண்டோ, உறைநிலைச் சிகிச்சை கொண்டோ கிழிசலைச் சுற்றி ஒட்டவைத்தால், அந்த வாய்ப்பு 5 சதவீதத்திற்கும் கீழே குறைகிறது. லேசர் சிகிச்சை பெற்றவர் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். விலகிய பின்னரோ பெரிய அறுவை தேவைப்படும்; நடுப்பார்வைக்குரிய பகுதியும் விலகியிருந்தால், அறுவை வெற்றி பெற்றாலும் பார்வை முழுமையாக மீளாமல் போகலாம். நாட்கூலி பெறும் குடும்பத்திற்கு இது பல வாரங்களின் வருவாய் இழப்பாகும்.

அடிப்படை நிலையில் செய்யத்தக்கது

சிகிச்சை பெரிய மருத்துவமனையில் நடந்தாலும், நோயாளி முதலில் நாடுவது அருகிலுள்ள சுகாதாரப் பணியாளரையே. அங்கு கருவி எதுவுமின்றிக் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று: ஒளி ஒரு கண்ணிலா, இரு கண்களிலுமா? எப்போது தொடங்கியது? கரும்புள்ளிகளோ நிழலோ உண்டா? ஒரு கண்ணில் புதிதாகத் தோன்றிய ஒளியாயின், முகாமுக்குக் காத்திராமல், கண்மணியை விரித்து விழித்திரையைப் பரிசோதிக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓரிரு நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். நிழல் படர்ந்திருப்பின் அன்றே அனுப்ப வேண்டும். முதற்பரிசோதனையில் கிழிசல் இல்லையெனினும், சில வாரங்களில் மறுபரிசோதனை தேவை.

கண்புரைப் பணியில் அறுவைகளின் எண்ணிக்கை சாதனையின் அளவுகோலாக இருந்தது. விழித்திரை நோய்களைப் பொறுத்தவரை, அறிகுறி தோன்றிய நாளுக்கும் பரிசோதனை நடந்த நாளுக்கும் உள்ள இடைவெளியே அளவுகோலாக வேண்டும். அவ்விடைவெளியைக் குறைக்கும் முதற்படி, கிராமப் பணியாளரின் பயிற்சியில் இம்மூன்று கேள்விகளையும் சேர்ப்பதாகும்.